எலும்பு வண்டும் இறகு வண்டும்

ஆந்தையின் தலையில் படிந்திருந்த தூசியைத் தட்டக் குருவி தூரிகையை ஒரு முறைதான் வீசினாள். நெற்றி இறகுகள் கொத்தாக உதிர்ந்து அலமாரித் தரையில் விழுந்தன. உள்ளே அடைத்திருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது. குனிந்து பார்த்தாள். ஆந்தையின் காலடியில் காப்பித்தூள் போல ஒரு பொடி. பொடிக்குள் சின்னச்சின்னச் சட்டைகள், ஏதோ பூச்சி வளர வளரக் கழற்றிப் போட்டவை.

குருவி என்பது பறவையின் பெயர் அல்ல. அந்த விலங்கியல் அருங்காட்சியகத்தில் பறவைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு அவள் அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர் அது. ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. பேச்சு மட்டும் விடிந்ததிலிருந்து ஓயாது. உயிரோடு இருப்பதுபோல நிற்கும் நாற்பத்தேழு பறவைகளும் அவள் பொறுப்பு. பிய்ந்த இறகை ஒட்டுவாள், வெளுத்த அலகுக்கு வண்ணம் தீட்டுவாள், கழன்ற கண்ணாடிக் கண்ணைப் பொருத்துவாள். அந்த ஆந்தையை மட்டும் இரண்டு மாதம் மடியில் வைத்துச் சரிசெய்திருந்தாள்.

எல்லா அலமாரிகளையும் திறந்து பார்த்தாள். பதினொரு பறவைகளின் காலடியில் அதே பொடி. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குருவி பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். பொடியில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பின்படி வழியாக இறங்கி, முற்றத்தைத் தாண்டி, தனியாக நிற்கும் ஓட்டுக் கட்டடத்தின் கதவைத் தட்டினாள்.

அது எலும்பு அறை. அங்கே வேலை செய்பவள் குருவியின் அண்ணனுடைய மனைவி. வேலையில் எல்லோரும் அவளை எலும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மிருகக்காட்சிசாலையில் செத்ததும் சாலையில் அடிபட்டதும் அவளிடம் வரும். தோலை உரித்து, பெரிய சதைகளைக் கத்தியால் எடுத்து, மிச்சத்தை இரண்டு நாள் உலர வைத்து, ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இறக்குவாள். தொட்டிக்குள் ஆயிரக்கணக்கில் வண்டுகள். மேலே கறுப்பு, அடிவயிறு வெள்ளை, நீளம் ஒரு கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் அதிகம். அவையும் அவற்றின் மயிரடர்ந்த புழுக்களும் சேர்ந்து, எலும்பில் ஒட்டிக் காய்ந்திருக்கும் சதையைத் தின்று தீர்க்கும். எலியின் விரல் எலும்பைக்கூட இடம் மாறாமல் விட்டுவைக்கும். கத்தியாலும் கொதிநீராலும் ஆகாத காரியம் அது.

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க."

"நீ உள்ள வாயேன். இன்னிக்கு நாத்தம் கம்மிதான்."

"அஞ்சு வருஷத்துல நான் எப்ப உள்ள வந்திருக்கேன்? வெளிய வாங்கன்னா வாங்க."

எலும்பக்கா முதல் கதவைச் சாத்தி, நடுவில் இருந்த ஆணியில் கோட்டைக் கழற்றி மாட்டி, கைகால்களை உதறிப் பார்த்து, இரண்டாவது கதவைத் திறந்து வந்தாள். வண்டு ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்பதற்காக அவளே வகுத்துக்கொண்ட முறை அது. குருவி காகிதத்தைப் பிரித்து நீட்டினாள்.

"பதினொரு பறவை. ஆந்தை போச்சு. மீன்கொத்திக்கு ஒரு பக்கம் றெக்கையே இல்ல. உங்க வண்டு, அண்ணி."

"என் வண்டா?"

"பின்ன? இந்தக் கட்டடத்துல வேற யாரு வண்டு வளக்குறா? நானா?"

எலும்பக்கா யோசிக்க ஆரம்பித்தாள். கைகால்களை உதறுகிறாள், சரி. ஒரு நாளாவது உதறாமல் விட்டிருந்தால்? தலைமுடிக்குள் ஒன்று சிக்கியிருந்தால்? மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் பறவைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில்தான் உட்காருவார்கள். அந்த ஒரு நிமிட மௌனத்தைக் குருவி ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். காகிதத்தை மடித்துக்கொண்டு நேராகக் காப்பாட்சியர் அறைக்குப் போனாள்.

இந்த வேலையை எலும்பக்காவுக்கு வாங்கித் தந்ததே குருவிதான். அதற்கு முன் ஒன்பது வருடம் அவள் மீன் பதனிடும் கொட்டகையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகையை மூடியதும் ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். எலும்பு அறைக்கு வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரத்தில் ஓடிக்கொண்டிருந்த சமயம். அப்போதிருந்த காப்பாட்சியரிடம் குருவி போய், "சார், எங்க அண்ணிக்குக் கடவுள் மூக்க அழகுக்குத்தான் வச்சிருக்கார்" என்று சொன்னாள். மறுநாளே வேலை கிடைத்தது. அன்றிலிருந்து இருவரும் ஒரே பஸ், ஒரே இருக்கை. வீடும் ஒன்றுதான், மாடியில் குருவி தனியாக, கீழே அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்குப் பல்செட் செய்யும் தொழில். முன்னறையில் மேசை நிறைய யார் யாருடைய பற்களோ சிரித்துக்கொண்டிருக்கும். "இந்த வீட்ல தோல் இருக்கு, எலும்பு இருக்கு, பல்லு இருக்கு. சதை மட்டும்தான் வெளியிலேருந்து வாங்கணும்" என்பார் பல்செட்டுக்காரர்.

காப்பாட்சியர் பதவிக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் அல்ல, ஆனால் எந்தக் காரியமும் வெள்ளிக்கிழமைக்குள் முடிந்துவிட வேண்டும் அவருக்கு. பறவைகளைப் பார்த்துவிட்டு வந்து எலும்பக்காவைக் கூப்பிட்டபோது முகம் வாடியிருந்தது.

"இனிமே எலும்பைக் கொதிக்க வச்சே எடுப்போம். வண்டு வேண்டாம். தொட்டிய அப்படியே ஃப்ரீசர்ல வச்சிடுங்க, செத்துடும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க."

"சார், தொட்டியில நீர்நாய் இருக்கு. பாதி வேலையில நிக்குது. கொதிக்க வச்சா விரலெலும்பு எல்லாம் கலைஞ்சு போயிடும்."

"நீர்நாய் ஒண்ணு. பறவை பதினொண்ணு."

எலும்பக்கா கதவு வரை போய்த் திரும்பினாள். "சார், வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னீங்க? வெள்ளிக்கிழமை காலைல வந்து உங்களப் பாக்குறேன். அதுக்கு முன்னாடி யாரும் தொட்டியத் தொட வேண்டாம்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"என் வண்டுதானான்னு பாக்கப் போறேன். அதுன்னா நானே தூக்கி ஃப்ரீசர்ல வைக்கிறேன்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் குருவி மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தாள். ஐந்து வருடத்தில் முதல் முறை. வீட்டுக்கு வந்ததும் மாடிப்படி ஏறியவள் சாப்பிடக் கீழே வரவில்லை. பல்செட்டுக்காரர் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துக் காலித் தட்டோடு இறங்கி வந்தார்.

"என்ன சொல்றா?"

"உன்னப் பத்தி அவ சொன்னத உங்கிட்டச் சொல்ல மாட்டேன். அவளப் பத்தி நீ சொல்லப் போறத அவகிட்டச் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு பக்கமும் இடி. மத்தளத்துக்காவது பாட்டுன்னு ஒண்ணு கூட இருக்கும்."

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உங்க பல் பாக்குற விளக்கு வேணும். நாலு நாளைக்கு."

நீளக் கழுத்தின் முனையில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அதைச் சுற்றி வளைய விளக்கும் உள்ள கருவி அது. பல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காட்டிக் கொடுக்கும். அவர் தன் கண்ணைப் பிடுங்கிக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, குருவி வருவதற்கு முன்பே எலும்பக்கா பறவைக் கூடத்துக்குள் போனாள். ஆந்தையின் பஞ்சுக்குள்ளிருந்தும் மீன்கொத்தியின் இறக்கைக்கடியிலிருந்தும் உயிரோடு இருந்த புழுக்களைத் தூரிகை நுனியால் எடுத்தாள். முப்பத்திரண்டு கிடைத்தன. எலும்பு அறையில் விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தட்டில் அவற்றையும், பக்கத்துத் தட்டில் தொட்டியிலிருந்து எடுத்த புழுக்களையும் வைத்தாள்.

வெறுங்கண்ணுக்கு இரண்டும் மயிர்ப் புழுதான். விளக்கின் கீழே அப்படி இல்லை. அவளுடையவை நீளம், கரும்பழுப்பு, முதுகில் ஒரு வெளிர்கோடு, வால்பக்கம் இரண்டு குட்டிக் கொம்புகள். விளக்கு வெளிச்சம் பட்டதும் ஓடித் தட்டின் விளிம்புக்கடியில் ஒளிந்தன. பறவைக் கூடத்தவை அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குண்டு. வரிக்குதிரை போல மாறி மாறிப் பழுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். பின்பக்கம் மயிர்க்கொத்து. தொட்டால் அந்தக் கொத்தை விசிறிபோல விரித்துக் காட்டின. ஓடவே இல்லை.

அவள் மூச்சை விட்டாள். இது என் வண்டு இல்லை. ஆனால் உடனே இன்னொரு யோசனை வந்தது. பறவைகளில் இருந்தது என் புழு இல்லை, சரி. அதனால் என் வண்டு இறகைத் தின்னவே தின்னாது என்று ஆகிவிடுமா? இரண்டும் கலந்து தின்றிருந்தால்? காப்பாட்சியர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் குருவி கேட்பாள்.

நான்கு கண்ணாடி ஜாடிகள் எடுத்தாள். முதல் ஜாடியில் அவளுடைய வண்டுகள், இறகு, உலர்ந்த இறைச்சி. இரண்டாவதில் பறவைக் கூடத்துப் புழுக்கள், அதே இறகு, அதே இறைச்சி. மூன்றாவதில் அவளுடையவை, வெறும் இறகு. நான்காவதில் மற்றவை, வெறும் இறைச்சி. ஆந்தையிலிருந்து உதிர்ந்த இறகுகளையே போட்டாள். மூடியில் துணி கட்டி, ஒட்டுக்காகிதத்தில் தேதி எழுதி ஒட்டினாள். அருங்காட்சியக நூலகத்திலிருந்து பூச்சிகள் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை வாங்கி வந்து படத்தோடு படம் ஒப்பிட்டாள். பட்டை போட்ட புழுவின் பெயர் கம்பள வண்டு என்றிருந்தது. கம்பளி, மயிர், இறகு, காய்ந்த தோல் ஆகியவை உணவு. வறண்ட இடத்தில் வாழும். புழு வளர்ந்து வண்டானதும் அதன் குணமே மாறிவிடும். வெளிச்சத்தைத் தேடிப் பறந்து போய்ப் பூவில் உட்கார்ந்து மகரந்தம் தின்னும்.

"பிள்ளைல தோலு, பெரியவனானா பூவா?" என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவளுடைய வண்டு அப்படி இல்லை. பிறந்தது முதல் சாகும்வரை ஒரே பந்தி: சூடான இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம், கொழுப்பு ஒட்டிய சதை.

வியாழக்கிழமை மத்தியானம் ஜாடிகளைப் பார்த்தாள். முதல் ஜாடியில் இறைச்சி பாதி காலி. இறகு போட்டபடி இருந்தது. இரண்டாவதில் நேர் எதிர்: இறகின் ஓரமெல்லாம் அரிபட்டிருந்தது, இறைச்சி சீண்டப்படவில்லை. நான்காவதில் புழுக்கள் இறைச்சியை விட்டு விலகி ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தன. எல்லாம் அவள் நினைத்தபடி. மூன்றாவது ஜாடியை விளக்குக்குக் கீழே கொண்டு வந்தாள்.

இறகின் நுனி கடிபட்டிருந்தது.

கொஞ்சம்தான். ஆனால் கடி கடிதான். பசித்தால் அவளுடைய வண்டும் இறகைத் தின்னும். இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பார்ப்பதால் பல்லுக்குறி மறைந்துவிடப் போவதுபோல. தொட்டிக்குள் நீர்நாயின் விலா எலும்புகள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. வண்டுகள் அதன்மேல் அரிசி உலையில் கொதிப்பது போன்ற ஒரு சின்னச் சத்தத்தோடு வேலை செய்துகொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அவள் பழகியிருந்தாள். ஏழு மாதம் வீட்டில் சும்மா இருந்தபோது கேட்ட மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு பல்செட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மூணு ஜாடி உன் பக்கம் பேசுது. ஒண்ணு மட்டும் எதிரா. அப்படித்தானே?"

"ஆமா."

"மூணாவத எடுத்து ஓரமா வச்சிடு. மூணு ஜாடியே போதும்னு யாரும் நம்புவாங்க. இன்னொண்ணு எங்கேன்னு யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"பின்ன என்ன?"

"நீங்க ஒருத்தருக்குப் பல்லு கட்டுறீங்க. அளவு கொஞ்சம் பிசகிடுச்சு. வெளிய பாத்தா தெரியாது. குடுத்து அனுப்பிடுவீங்களா?"

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "அவன் சாப்பிடுறப்ப ஈறு புண்ணாயிடுமே."

"அதேதான்."

"சரி, சரி. வீட்ல ஒரு பல் டாக்டர் வேலைக்கு நான் இருக்கேன், நீ பல்லப் பிடுங்காத" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "காப்பாட்சியருக்கு முன்னாடி மாடிக்குப் போய் அவளுக்குக் காட்டிடு" என்றார்.

"கதவைத் திறப்பாளா?"

"நான் போய்த் தட்டுறேன். சாப்பாடுன்னு நினைச்சுத் திறந்துடுவா."

அப்படியே நடந்தது. கதவைத் திறந்த குருவி, அண்ணன் பின்னால் நான்கு ஜாடிகளைத் தட்டில் ஏந்தி நின்ற அண்ணியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஆனால் தட்டில் இருப்பதைப் பார்த்தபின் அவளால் கதவைச் சாத்த முடியவில்லை. பறவை விஷயம் என்றால் அவளுக்குக் கோபத்தைவிட ஆவல் ஒரு அங்குலம் பெரிது.

எலும்பக்கா விளக்கை மேசையில் வைத்து மூன்றாவது ஜாடியைத்தான் முதலில் காட்டினாள்.

"இது என் வண்டு. மூணு நாள் இறகத் தவிர வேற எதுவும் குடுக்கல. கடிச்சிருக்கு. நீ சொன்னது முழுசாப் பொய் இல்ல."

குருவி நிமிர்ந்து பார்த்தாள். சண்டைக்குத் தயாராக இருந்தவளுக்கு இது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அடுத்த ஜாடியை இழுத்தாள். எலும்பக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்கு மேல் குனிந்தே இருந்தாள். பட்டை போட்ட புழுவைத் தூரிகையால் தொட்டாள். அது விசிறியை விரித்தது.

"இதுதான் உன் ஆந்தையில இருந்தது. இது வளந்தா இப்படி இருக்குமாம்" என்று எலும்பக்கா புத்தகத்தில் படத்தைக் காட்டினாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, உருண்டையான வண்டு. முதுகில் வெள்ளையும் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகக் கோலம்.

குருவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத நான் பாத்திருக்கேன்."

"எங்க?"

"என் கூடத்து ஜன்னல் விளிம்புல. தினமும் நாலஞ்சு செத்துக் கிடக்கும். அழகா இருக்கேன்னு நினைச்சேன். பெருக்கித் தள்ளிட்டு வேலையப் பாத்தேன்." மறுபடி படத்தைப் பார்த்தாள். "அங்க நான் ஒரு பூந்தொட்டி வச்சிருக்கேன்ல, வெள்ளைப் பூ? அதுல மேயும் அண்ணி. நான் பூவுக்குத் தண்ணி ஊத்துறப்ப அதுங்க மேல படாம ஊத்துவேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். எலும்பக்கா அவர் காலை மிதித்தாள். அவர் மூடிக்கொண்டார்.

"வெளிச்சத்துக்கு வருதுன்னா உள்ளேயிருந்துதான் வருது" என்றாள் எலும்பக்கா. "ஜன்னல் பக்கத்துல இறகோ மயிரோ வேற எங்கயாவது இருக்கா? அலமாரிக்கு வெளிய?"

குருவி புத்தகத்தை மூடினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல சீக்கிரம் போலாம். ஏணி வேணும்."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். பறவைக் கூடத்தில் ஜன்னலுக்கு மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு காற்றுத் துவாரம். அதன் கம்பிவலை ஒரு மூலையில் வளைந்திருந்தது. குருவி கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள எலும்பக்கா ஏறினாள்.

"என்ன இருக்கு?"

"ஒரு குருவிக்கூடு இருக்கு, குருவி."

"தெரியும்" என்றாள் கீழே இருந்தவள். அழுவது போல ஒரு குரல். "ரெண்டு வருஷமா இருக்கு. பாச்சை உருண்டை வாசனைல எனக்குத் தலைவலி வந்துச்சு. எலக்ட்ரீஷியன்கிட்டச் சொல்லி நான்தான் வலைய வளைக்கச் சொன்னேன், காத்து வரட்டும்னு. அப்புறம் அதுங்க வந்துச்சு. செத்த பறவைங்களோட நாள் முழுக்க இருக்கேன், உயிரோட ரெண்டு இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன். ரொட்டித் துணுக்கெல்லாம் வைப்பேன்."

கூடு காலியாக இருந்தது. குஞ்சுகள் எப்போதோ பறந்து போயிருந்தன. எலும்பக்கா அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மெதுவாக இறக்கி, வாயைக் கட்டிக் கீழே கொண்டு வந்தாள். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். பழைய இறகுகளுக்கும் வைக்கோலுக்கும் நடுவே பட்டைப் புழுக்கள் மொய்த்தன. அங்கிருந்து சுவரோரமாக ஒரு விரிசல், விரிசலுக்கு நேர் கீழே மூன்றாவது அலமாரி. ஆந்தையின் அலமாரி.

எலும்பக்கா பையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். ஐந்து நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் நாலைந்து இருந்தன. நல்ல கூர்மையான வாக்கியங்கள். குருவி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவை தேவைப்படவில்லை.

"திட்டுங்க அண்ணி."

"எதுக்கு? குருவிக்குச் சோறு போட்டதுக்கா? நானே இத்தன வருஷமா ஒரு குருவிக்குச் சோறு போட்டுட்டுத்தான் இருக்கேன்."

குருவி சிரித்தபோது மூக்கிலிருந்து ஒரு குமிழி வந்தது. இருவரும் அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

காப்பாட்சியர் அறையில் குருவிதான் முதலில் பேசினாள். கம்பிவலை, கூடு, ரொட்டித் துணுக்கு, பூந்தொட்டி ஒன்றையும் விடவில்லை. "திங்கட்கிழமை நான் எங்க அண்ணி மேல சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன் சார். எழுதித் தரணும்னாலும் தரேன்." அதன்பிறகு எலும்பக்கா ஜாடிகளை மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றாவது ஜாடியின் முன் காப்பாட்சியர் நின்றார்.

"இத நீங்க காட்டலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்புறம் ஏன் காட்டுறீங்க?"

"நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிப்பாங்க. அப்ப மத்த மூணு ஜாடியையும் நம்ப மாட்டீங்க. பசிச்சாதான் இறகத் தொடும். தொட்டியில நான் பசிக்க விட்டதில்ல. ஆனா தப்பிச்சுப் போச்சுன்னா பசிக்கும். அதனால இன்னொரு கதவு போடணும். வழி நெடுக ஒட்டுப் பொறி வைக்கணும். ஒரு மாசம் பாருங்க. அதுல என் வண்டு ஒண்ணு விழுந்தாலும் நானே தொட்டிய எடுத்துடுறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பறவையையும் குளிர்ல வச்சு எடுக்கணும்னு பழைய குறிப்பேட்டுல இருக்கு. போன வருஷம் அந்தக் கோப்பு எங்கிட்ட வந்துச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எழுதினது நான்தான்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "நீர்நாய் எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"இன்னும் பத்து நாள் சார்."

"முடிங்க."

பறவைகளைக் காப்பாற்ற மருந்து அடிக்க முடியாது. இறகின் நிறம் போய்விடும். குளிரில் வைப்பதுதான் ஒரே வழி. அந்தக் கட்டடத்தில் பெரிய ஃப்ரீசர் ஒன்றுதான். அது எலும்பு அறைக்குள் இருந்தது. ஆகவே குருவி ஐந்து வருடத்தில் முதல் முறையாக அந்த இரண்டு கதவுகளையும் தாண்டினாள். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் பையில் கட்டிய மரங்கொத்தியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தாள்.

"இதுல எப்படி அண்ணி சாப்பிடத் தோணுது உங்களுக்கு?"

"இங்க சாப்பிடல. உங்கூடத்தான் வந்து சாப்பிடுறேன்."

ஃப்ரீசரில் ஒரு தடவைக்கு ஐந்து பறவைதான் வைக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். நாற்பத்தேழும் முடிய ஐந்து மாதம் ஆனது. குருவி தினமும் வந்து போனாள். முதல் வாரம் மூக்கைப் பொத்தினாள். இரண்டாம் வாரம் கைக்குட்டை. மூன்றாம் வாரம் கைக்குட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டாள். நீர்நாய் முடிந்த அன்று தொட்டியருகே நின்று, முன்னங்காலின் விரலெலும்புகள் ஒன்றுகூடப் பிசகாமல் கோத்தபடி இருப்பதை வாய்மூடிப் பார்த்தாள். குருவி வாய்மூடி இருந்ததால் எலும்பக்காவுக்குப் பயம் வந்து, "என்னாச்சு?" என்று கேட்டாள்.

"கை மாதிரியே இருக்கு அண்ணி" என்றாள் குருவி. "யாரோ கையுறைய இப்பத்தான் கழட்டின மாதிரி."

முதல் மாத முடிவில் ஒட்டுப் பொறிகளை எண்ணினார்கள். ஏழு சிலந்தி, நாற்பது சொச்சம் எறும்பு, பதினான்கு கம்பள வண்டு, ஒரு கரப்பான். எலும்பு வண்டு ஒன்றுகூட இல்லை. ஐந்தாம் மாதம் கம்பள வண்டும் இல்லை. காற்றுத் துவாரத்துக்குப் புது வலை போட்டார்கள். மதில் சுவரில், கட்டடத்தை விட்டுத் தள்ளி, பல்செட்டுக்காரர் ஒரு மரப்பெட்டியை அடித்துக் கொடுத்தார். அதில் உயிருள்ள குருவிகள் குடிவந்துவிட்டன. பதினொன்றில் ஏழு பறவைகளைக் காப்பாற்ற முடிந்தது. ஆந்தையை முடியவில்லை. குருவி அதன் கண்ணாடிக் கண்களை மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள்.

மழை நின்றிருந்த ஒரு காலையில், மின்கம்பியில் மோதிச் செத்த ஒரு நாரையை யாரோ சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரிய பறவை, இறகு ஒன்றுகூடச் சேதமில்லை. வழக்கமாக இப்படி ஒன்று வந்தால் பறவைக் கூடமா, எலும்பு அறையா என்று காப்பாட்சியர் ஒரு தாளில் எழுதி அனுப்புவார். இந்த முறை அவர் தாளோடு முற்றத்துக்கு வந்தபோது, எலும்பு அறையின் மேசையில் நாரை மல்லாந்து கிடந்தது. ஒரு பக்கம் குருவி, ஒரு பக்கம் எலும்பக்கா. நடுவில் பல் பார்க்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாருக்குன்னு முடிவாயிடுச்சா?" என்று கேட்டார்.

"தோல் எனக்கு சார்" என்றாள் குருவி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மிச்சம் அண்ணிக்கு. அலகுக்கும் காலுக்கும்தான் தகராறு. அது ரெண்டு பேருக்கும் வேணும்."

"ஒரு கால் அவளுக்கு, ஒரு கால் எனக்கு" என்றாள் எலும்பக்கா. "நாரை எப்படியும் ஒத்தக் கால்லதானே நிக்கும்?"

"அலகு?"

"அதுக்கு எங்க வீட்டுக்காரர் ஒண்ணு செஞ்சு தரேன்னிருக்கார். பல்லு செய்யிறவருக்கு அலகு செய்யத் தெரியாதா?"

காப்பாட்சியர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இரண்டு அறைகளின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குருவி கழுத்தோரத் தோலை அங்குலம் அங்குலமாக விடுவித்துக்கொண்டே வந்தாள். "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க அண்ணி" என்றாள். எலும்பக்கா தூக்கிப் பிடித்தாள்.